முகம் தெரியாத தோழி

ஆறு வருடங்களுக்கு முன்பு, நான் அப்போது வேலை பார்த்த மகளிர் கல்லூரியில், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். ஒருநாள் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை விடுதி வார்டன் அழைத்து வந்தார். இரவு பதினொரு மணிக்கு மேல் போர்வைக்குள் கைபேசி. பிடுங்கிப் பார்த்ததில் ஒரே ஆளோடு ஆயிரக்கணக்கில் செய்திகள். வார்டனுக்கு ஒரே கேள்விதான்: யார் அந்தப் பையன்? பையன் இல்லை, தோழி என்றாள். எந்த ஊர்? பிலிப்பைன்ஸ். பார்த்திருக்கிறாயா? இல்லை. போட்டோ? அவள் போட்டோ போடமாட்டாள். பெயர் என்ன? அவள் சொன்னது பெயர் மாதிரியே இல்லை, ஒரு நட்சத்திரத்தின் பெயரும் பின்னால் இரண்டு எண்களும். எப்படிப் பழக்கம்? ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ என்றாள்.

மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்த நான்தான் கேட்டேன்: “முகமே தெரியாதவளை எப்படிம்மா தோழின்னு சொல்ற?”

அவள் பதில் சொல்லவில்லை. கைபேசி அந்தப் பருவம் முழுக்க அலுவலகப் பீரோவில் இருந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

கேட்டவள் வகுப்பில் தோழி கூற்று நடத்துகிறவள் என்பதுதான் வெட்கம். சங்க அகப்பாடல்களில் தோழி பேசாத இடம் குறைவு. செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் அவளை அடையாளம் காட்டுகிறது. தலைவனை வழிமறிப்பாள், வரைவு கடாவுவாள், அறத்தொடு நிற்பாள், மணத்துக்குப் பிறகு வாயில் மறுப்பாள். எல்லாம் இன்னொருத்தியின் காதலுக்காக. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு பிரிவு, ஒரு பாலை நிலம் கிடையாது. தலைவியும் தோழியும் தங்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பற்றி, தலைவன் குறுக்கே வராமல், பேசிக்கொண்டே இருக்கும் துறை எது என்று மாணவி யாராவது கேட்டால் நான் விழிப்பேன். பெயரும் அங்கே கிடையாது. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது இலக்கணம். பெயரில்லாத இரண்டு பெண்களின் பேச்சை நெருக்கத்தின் உச்சம் என்று பல வருடங்களாகப் பாடம் நடத்திவிட்டு, ஒரு மாணவியிடம் பெயரும் போட்டோவும் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்க்கும் பெண்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள், என்ன பேசினார்கள், அதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் எதைக் கண்டார்கள், எதை விட்டார்கள் என்பதெல்லாம்.

முதலில் ஒரு தேதிக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். முகம் தெரியாத தோழமை இணையத்தோடு வந்ததல்ல. ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பரில் தொடங்கியது. மறு வருடமே டெவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்ட் என்ற இரண்டு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்று ஒரு சிற்றிதழ் கொண்டுவந்துவிட்டார்கள். முழுக்க அந்தத் தொடருக்காகவே நடத்தப்பட்ட முதல் ரசிகர் இதழ் அது. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி பரவியபோது பீஜோ ட்ரிம்பிள் என்ற பெண்ணும் அவர் கணவரும் நாடு முழுக்கக் கடிதம் எழுதவைத்தார்கள். தொடர் நீடிக்கும் என்று 1968-இல் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டிவந்தது. மூன்றாவது வருடம் கிடைத்தது. மொத்தம் 79 அத்தியாயங்களோடு 1969-இல் முடிந்தது. முடிந்த பிறகுதான் பெண்கள் அதிகமாக எழுதினார்கள். சைக்ளோஸ்டைல் தாள்களில் கதைகள் தபாலில் போயின, அடுத்த இதழில் வாசகியின் கடிதம் வந்தது, கடிதம் எழுதியவள் இன்னொரு கதை அனுப்பினாள். சிற்றிதழ் மரபில் வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. நம்முடைய சிற்றிதழ்களின் ஆசிரியர் குழுவில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கை மட்டும் இங்கே எடுக்க வேண்டாம்.

நம் ஊரில் ‘ரசிகர்’ என்றதும் மன்றம் ஞாபகம் வரும். கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி. எம்.ஜி.ஆரை உயிராக நினைத்த பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் மன்றத்தின் தெருமுனையும் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருந்தன. பெண்ணின் ரசனை வீட்டுக்குள், பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய படத்தோடு நின்றது. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகைகளின் கதை எனக்கு வியப்பாக இருந்ததற்கு அது ஒரு காரணம். அவர்கள் தபால்பெட்டி வழியாக ஒரு மன்றம் கட்டிக்கொண்டார்கள், நடிகரைத் தூக்கிவைப்பதைவிடத் தொடரைப் பிரித்துப்போட்டுப் பேசுவதுதான் அங்கே வேலையாக இருந்தது.

பிரித்துப்போட நிறைய இருந்தது. தொடருக்காக முதலில் எடுத்த மாதிரிப் படத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண், உணர்ச்சியை முகத்தில் காட்டாத அறிவாளி. தொடர் வெளியானபோது அவளைக் காணோம். அவளுடைய இடமும் குணமும் ஸ்பாக்குக்குப் போயிருந்தன. நடித்த மேஜல் பாரெட் செவிலியாகத் திரும்பி வந்தார், அதுவும் ஸ்பாக்கை ஒருதலையாகக் காதலிக்கும் செவிலியாக. 1969 ஜூன் 3-ஆம் தேதி ஒளிபரப்பான கடைசி அத்தியாயம் இன்னும் மோசம். பெண் என்பதால் கேப்டனாக முடியாத ஒரு விஞ்ஞானி, கேப்டன் கிர்க்கின் உடலைத் திருடி அதற்குள் புகுந்துகொள்கிறாள். அநியாயம் நடந்தது அவளுக்கு. கதையோ அவளைப் பைத்தியம் என்று முடிக்கிறது. விண்மீன்களுக்கிடையே பறக்கும் எதிர்காலத்தைக் கற்பனை செய்தவர்களால் ஒரு பெண் கேப்டன் நாற்காலியில் உட்காருவதைக் கற்பனை செய்ய முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் எரிச்சலோடு தொலைக்காட்சியை அணைத்திருப்பாள். கடிதம் எழுத இன்னொருத்தி இருந்ததால் அந்த எரிச்சல் கதையாயிற்று.

அந்தக் கதைகளில் ஒரு வகைதான் உலகப் புகழ் பெற்றது. கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக எழுதிய கதைகள். இரண்டு பெயர்களுக்கும் நடுவே போடும் சாய்கோட்டை வைத்து அவற்றுக்கு ‘ஸ்லாஷ்’ என்று பெயர். அறிவியல் புனைவு எழுத்தாளரும் பெண்ணியவாதியுமான ஜோனா ரஸ் 1985-இல் வெளியான கட்டுரை ஒன்றில் இவற்றைப் பெண்கள் பெண்களுக்காக எழுதிக்கொண்ட காமம் என்று எடுத்துப் பேசினார். ஸ்பாக் என்ற அந்நியனுக்குள் பெண்ணின் நிலை ஒளிந்திருக்கிறது என்றும் வாசித்தார். அருமையான வாசிப்பு அது. அந்த இரண்டாம் நிலை அதிகாரி எங்கே போனாள் என்று தெரிந்தவர்களுக்கு இன்னும் அருமையாகத் தெரியும். பிறகு 1992-இல் ஹென்றி ஜென்கின்ஸ், அதே வருடம் கேமில் பேக்கன்-ஸ்மித், 1997-இல் கான்ஸ்டன்ஸ் பென்லி என்று வரிசையாகப் புத்தகங்கள். எதிர்ப்பு வாசிப்பு, பிரதியைத் திருடிக்கொள்ளுதல், ஆண் உடலைப் பெண் எழுதுதல் என்று கோட்பாடுகள் குவிந்தன.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. காமத்தை எழுதினார்கள் என்பதில் விமர்சனம் காட்டிய ஆர்வத்தில் பாதியைக்கூட, இவர்கள் ஒருவருக்கொருவர் யாராக இருந்தார்கள் என்பதில் காட்டவில்லை. ஒரு பெண் தன் நாற்பது பக்கக் கதையை இன்னொருத்திக்கு அனுப்புகிறாள். அவள் வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் திருத்தி அனுப்புகிறாள். இணைய காலத்தில் இதைச் செய்கிறவளுக்கு ‘பீட்டா’ என்று பெயர் வந்தது. காசு இல்லை, கதையின் தலைப்பில் ஒரு நன்றி உண்டு, அவ்வளவுதான். மறுமாதம் அவளுடைய கதையை இவள் படிப்பாள். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் எழுதிய என் ஆய்வேட்டை இப்படி யாராவது படித்தார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். நெறியாளர் பிழை திருத்தினார். கணவர் பக்க எண் போட்டுத் தந்தார், நன்றியுரையில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினேன்.

பேக்கன்-ஸ்மித்தின் ‘என்டர்பிரைஸிங் விமன்’ மற்றவற்றைவிட எனக்கு நெருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வருடக்கணக்கில் இந்தப் பெண்களோடு பழகி எழுதிய இனவரைவு அது. நாயகன் அடிபட்டுக் கிடப்பான், இன்னொருவன் தேற்றுவான் என்று ஒரு வகைக் கதை உண்டு, ‘ஹர்ட்-கம்ஃபர்ட்’ என்பார்கள். ஆரம்பத்தில் அவருக்கு அந்த வகையைக் கண்டாலே ஒவ்வாமை. கடைசியில்தான், பெண்கள் தங்கள் வலியை ஒருவருக்கொருவர் கொண்டுவந்து கொடுக்கும் இடம் அதுவே என்ற முடிவுக்கு வருகிறார். விண்கலம், லேசர், பச்சை ரத்தம் எல்லாம் அந்த வலியை மடித்துக் கொடுக்கும் காகிதம். நேரே சொல்ல முடியாததை இறைச்சியில் வைப்பது நமக்குத் தெரிந்த வழிதான்.

ஆனால் தோழமை என்றால் உடனே இனிப்பு தடவிவிடக் கூடாது. 1973-இல் பாலா ஸ்மித் என்ற ரசிகை ஒரு குட்டிக் கேலிக் கதை எழுதினார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை, விண்படையிலேயே இளைய லெப்டினன்ட், எல்லாம் தெரிந்தவள். தங்களையே கதைக்குள் அழகியாக, அறிவாளியாக வைத்து எழுதிய புதிய ரசிகைகளைக் கிண்டல் செய்த கதை. கேலி சரிதான், அந்தக் கதைகளில் பல படிக்க முடியாதவை. என்ன நடந்ததென்றால், ‘மேரி சூ’ வசைச்சொல் ஆகிவிட்டது. எந்தப் பெண் பாத்திரத்தை எழுதினாலும் மேரி சூ என்று சொல்லிவிடுகிறார்கள், அதனால் பெண்களை எழுதுவதையே விட்டுவிட்டோம் என்று சில எழுத்தாளர்கள் சொன்னதை பேக்கன்-ஸ்மித் பதிவு செய்திருக்கிறார். சூப்பர்மேனாகத் தன்னைக் கனவு காணும் பையனுக்கு வைத்த கேலிப்பெயர் எதுவும் இந்த அளவுக்குப் பரவவில்லை. பெண்கள் கூடி உருவாக்கிய இடத்தில், பெண்ணை நாயகியாக்கினால் சிரிப்பார்களோ என்ற பயம் பெண்களாலேயே வந்தது. நம் கவியரங்குகளில் “இது ரொம்ப சுயபுலம்பலா இருக்கே” என்று ஒரு பெண் இன்னொருத்தியின் கவிதையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மேரி சூ ஞாபகம் வருகிறாள். நானும் சொல்லியிருக்கிறேன்.

1993 செப்டம்பரில் ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடங்கியபோது தபால்பெட்டியின் இடத்துக்குக் கணினி வந்துகொண்டிருந்தது. அந்தத் தொடரை நான் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், விடுதிக் கூடத்துக் கேபிள் இணைப்பில். நானும் இன்னொருத்தியும் மட்டும். மற்றவர்கள் படுக்கப் போனபிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்போம். எங்களுக்குப் பாதி வசனம் புரியாது. ஸ்கல்லி பிண அறையில் கையுறை மாட்டும்போது அவள் என் முழங்கையைக் கிள்ளுவாள். ஒரு பெண், அவள் மருத்துவர், அவள் சொல்வதை எதிரே நிற்கும் ஆண் காதுகொடுத்துக் கேட்கிறான். எங்களுக்கு அதுவே அறிவியல் புனைவாக இருந்தது.

ஸ்கல்லியைப் பார்த்து அறிவியல் படிக்க வந்த பெண்கள் பற்றி 2018-இல் ஜீனா டேவிஸ் நிறுவனம் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. தொடரை எடுத்த நிறுவனமும் அதில் கூட்டு என்பதால் ஒரு சிட்டிகை உப்போடுதான் படித்தேன். என்னை உறுத்தியது வேறு. ஸ்கல்லிக்குத் தோழிகள் அநேகமாக இல்லை. அக்கா ஒருத்தி இருந்தாள், அவளையும் மூன்றாவது வருடத்தில் கொன்றுவிடுகிறார்கள். முதல் வருடத்தில் ஒரு தோழி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மற்றபடி ஒவ்வொரு ராத்திரியும் ஸ்கல்லிக்கு வரும் தொலைபேசி மல்டருடையதுதான். நம் தோழியாவது இன்னொரு பெண்ணுக்காக வாழ்ந்தாள். ஸ்கல்லிக்கு அந்த இன்னொரு பெண்ணே இல்லை. திரையில் அவளுக்கு மறுக்கப்பட்டதைத் திரைக்கு வெளியே அவளைப் பார்த்தவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

எப்படி என்பதை ரியானன் பரி 2005-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எல்லோரும் எழுதலாம் என்ற பொது இணையக் குழுக்களில் நடிகர் டேவிட் டுகோவ்னியின் அழகைப் பற்றி ஒரு பெண் ஒரு வரி எழுதினால் போதும், ஆண்கள் கேலியோடு வந்துவிடுவார்கள். பெண்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியேறித் தங்களுக்குள் மூடிய குழு ஒன்றை மின்னஞ்சலில் அமைத்துக்கொண்டார்கள். அதற்கு ‘டேவிட் டுகோவ்னி ஈஸ்ட்ரஜன் படை’ என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் பிடித்தவர்கள் என்று எந்தச் சொல்லால் அடிப்பார்களோ அதையே எடுத்துப் பெயர்ப்பலகையில் மாட்டிவிட்டார்கள். பெயரைப் பார்த்து உள்ளே முழுக்க ஜொள்ளு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நடிகர் ஒரு சாக்கு. வேலை, உடம்பு, கல்யாணம், தொடரின் அரசியல், அந்த வார அத்தியாயத்தில் ஸ்கல்லிக்கு நடந்த அநியாயம் என்று எல்லாவற்றையும் பேசினார்கள்.

பரி அங்கே இன்னொன்றையும் கவனிக்கிறார், அதற்காகவே இந்தப் புத்தகத்தை மாணவிகள் படிக்க வேண்டும் என்பேன். அந்தப் பெண்களுக்குள் பிழையில்லாத ஆங்கிலத்துக்கு, சாமர்த்தியமான வாக்கியத்துக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஆண்களின் சத்தத்துக்கு வெளியே அமைத்த அறைக்குள் நுழைய நல்ல ஆங்கிலம் ஒரு சாவி. படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் தங்களை அறியாமலேயே தங்கள் வர்க்கத்தை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கும் என் விடுதித் தோழிக்கும் அந்த அறையில் இடம் கிடைத்திருக்காது. “வாட் இஸ் ஹீ டெல்லிங்” என்ற அளவில்தான் இருந்தோம்.

பெயரில்லாமை பற்றித் திரும்பவும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்கள் பெரும்பாலும் புனைபெயரில் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி ராத்திரியில் இரண்டு ஆண்களின் காதலை எழுதுகிறாள் என்று தெரிந்தால் வேலை போகலாம். விவாகரத்து வழக்கில் பிள்ளை யாரிடம் என்ற கேள்வி வரும்போது எதிர்த் தரப்பு வக்கீல் அந்தக் கதையை எடுத்து நீட்டலாம். ஆகவே பெயரை மறைப்பது ஏமாற்று என்று நாங்கள் அன்று மேசையில் எடுத்துக்கொண்டது தலைகீழ். கதையில் உள்ளதையெல்லாம் உண்மையாகச் சொல்வதற்குக் கொடுத்த விலை அந்தப் பெயர். தமிழில் கவிதை எழுதும் நாம் எத்தனை பேர் முதல் தொகுப்பை இன்னொரு பெயரில் போட்டோம், எதற்காகப் போட்டோம் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

2007-இல் ரசிகர்களின் கதைகளைச் சேர்த்துக் காசு பண்ண ஒரு வணிகத் தளம் கிளம்பியது. பெண்கள் பல வருடங்கள் இலவசமாக எழுதிக் குவித்ததன் மேல் நிறுவனம் ஒன்று வந்து உட்காரப் பார்த்தது. அதற்கு எதிர்வினையாக அதே வருடம் ரசிகைகள் சிலர் லாபநோக்கில்லாத அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். எழுத்தாளர் நவோமி நோவிக், பேராசிரியை ஃபிரான்செஸ்கா கோப்பா, சட்ட அறிஞர் ரெபெக்கா டஷ்நெட் போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். அந்த அமைப்பு கட்டிய கதைக் களஞ்சியம் 2009-இல் எல்லோருக்கும் திறந்தது. கணினி நிரல் எழுதத் தெரியாத பெண்கள் அதற்காகவே நிரல் கற்றுக்கொண்டு கட்டிய இடம் அது. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்று பெயர். வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் கேட்ட அறையிலிருந்து எடுத்தது. வுல்ஃப் ஒருத்திக்கு ஓர் அறை கேட்டார். இவர்கள் ‘நம்முடைய’ என்று மாற்றிக்கொண்டார்கள். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. 2019-இல் 50 லட்சம் கதைகளைத் தாண்டியது. அதே வருடம் டப்ளினில் அறிவியல் புனைவுலகின் பெரிய விருதான ஹ்யூகோ அதற்குக் கொடுக்கப்பட்டது.

‘நம்முடைய’ என்றால் யாருடைய? இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் இந்திய ஆய்வாளர் ருக்மிணி பாண்டே. 2018-இல் வெளியான அவருடைய புத்தகம், ரசிகைகளைப் பற்றிய ஆய்வுகள் முழுக்க வெள்ளைப் பெண்ணையே ‘ரசிகை’ என்று எடுத்துக்கொண்டு நடந்தன என்று காட்டுகிறது. நிறம் பற்றிப் பேசுகிறவள் அந்தக் கூட்டத்தில் மகிழ்ச்சியைக் கெடுப்பவள். பாண்டே அந்தச் சொல்லை சாரா அகமதிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். 2009-இல் அறிவியல் புனைவு வட்டாரத்தில் நிறவெறி பற்றிய பெரும் சண்டை மாதக்கணக்கில் நடந்தது. பல வருட நட்புகள் அதில் முறிந்தன. அதே வருடம் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தில் ஸ்பாக்குக்கும் உஹூராவுக்கும் காதல் என்று வைத்தபோது ரசிகைகள் சிலருக்கு உஹூராவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 1966-இல் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே ஒரு சம்பவம். ஆனால் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் எழுதிக் குவித்த அன்பில் அவளுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இரண்டு வெள்ளை ஆண்களுக்குள் தங்களைத் தேடிக்கொள்ள முடிந்த பெண்களுக்கு, எதிரிலேயே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குள் தேட மனம் வரவில்லை. ஜோனா ரஸ்ஸின் வாசிப்பை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தில் அது எனக்குப் போதவில்லை.

என் மாணவி பார்த்த ‘டிஸ்கவரி’ 2017-இல் வந்தது. நாயகி மைக்கேல் பர்ன்ஹம் கறுப்பினப் பெண். கலகம் செய்தவள் என்று தண்டனை பெற்று வேறொரு கப்பலுக்கு வருகிறாள். யாரும் பக்கத்தில் வருவதில்லை. அறைத்தோழியாக டில்லி என்ற பயிற்சி அதிகாரி அமைகிறாள், ஓயாமல் பேசும் பெண். முதல் நாள் வேலையிடத்தில் பர்ன்ஹம் பக்கத்தில் வந்து நிற்கப் பார்த்தபோது, இங்கே இடமெல்லாம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்று டில்லி பொய் சொல்கிறாள். கலகக்காரியோடு சேர்ந்து நின்றால் தன் பெயர் கெடுமே என்ற பயம். பிறகு அவளே வந்து அதை ஒப்புக்கொள்கிறாள். விண்வெளிப் போரெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பொய் மறக்கவில்லை. விடுதியில் இருந்த எந்தப் பெண்ணுக்கும் மறக்காது.

மூன்றாமாண்டு முடிந்து டி.சி. வாங்க வந்தபோது அந்த மாணவி துறைக்கு வந்து என்னைத் தேடினாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த பதினேழு தாள். பர்ன்ஹமும் டில்லியும் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருக்கும் கதை, அவள் எழுதியது. விளிம்பில் சிறிய எழுத்தில் அந்த பிலிப்பைன்ஸ் பெண்ணின் குறிப்புகள். ஆங்கிலம் இரண்டு பேருக்குமே இரவல் மொழி. குறிப்புகளில் இலக்கணத் திருத்தம் அநேகமாக இல்லை. ‘இங்கே இவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள்?’ என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் ‘மறுபடியும் கேட்கிறாள்.’ பன்னிரண்டில் ‘உன் கதையில் எல்லாப் பெண்களும் மன்னிப்புக் கேட்கிறார்கள். உன் வீட்டில் யார் கேட்பது?’

பதினேழாம் பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை. “அது வரைக்கும்தான் மேம் படிச்சிருந்தா” என்றாள். கைபேசி திரும்பக் கிடைத்தபோது அந்தக் கணக்கே இல்லை. ஐந்து மாதம் பதில் வராததை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, இல்லை அவளுக்கே ஏதாவது ஆயிற்றோ, தெரியவில்லை. நட்சத்திரத்தின் பெயரையும் இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு யாரைப் போய் விசாரிப்பது?

என் விடுதித் தோழியின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இடது புருவத்தில் ஒரு வெட்டு. முழுப்பெயர், அப்பா பெயர், ஊர், சாதி எல்லாம் தெரியும். அவள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். அவள் “பரவால்ல மேம்” என்று உடனே சொன்னாள், அவளுக்குப் பழக்கமான வேகத்தில். கதையை நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தாள்களை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.